பிரிண்டர் டிரைவர் என்ற ஃபோல்டர்

புனேயில் எங்கள் அபார்ட்மெண்ட் சொசைட்டியில் கண்ணை மூடிக்கொண்டு எந்தக் கதவைத் தட்டினாலும் ஓர் ஐடிக்காரர்தான் வந்து திறப்பார். இருப்பது சிஞ்ச்வட், பிழைப்பது ஐடி கம்பெனிகள் குவிந்திருக்கிற ஹிஞ்சேவாடி. இதில் தமிழ்க் குடும்பங்களுக்கென்று தனியாக ஒரு வாட்ஸ்அப் குழு வேறு. இட்லி அரிசி எந்தக் கடையில் கிடைக்கும், யார் ஊருக்குக் காரில் போகிறார்கள் என்பதெல்லாம் அதில் ஓடும். போன மழைக்காலத்தில் எங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டபோது என் கணவர் அந்தக் குழுவில்தான் போய் முறையிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். கம்ப்யூட்டர் விஷயத்தில் என்னிடம் என்ன கேட்க இருக்கிறது?

கோயம்புத்தூரிலிருந்து நாங்கள் புனேக்கு வந்த புதிதில் வாங்கிய கம்ப்யூட்டர் அது. அன்றைக்கு மழையில் கரண்ட் போய்ப் போய் வந்தது. கடைசியாக வந்தபோது கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. உள்ளே டிக், டிக் என்று ஒரு சத்தம் மட்டும். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று சொல்லிவிட்டு இவர் அதை அணைத்துப் போட்டார். மறுபடி அணைத்துப் போட்டார். சாயங்காலம் முழுக்க அதே வேலை. ஏதோ ஒரு வெளிநாட்டு வங்கியின் விவரங்கள் அழிந்துவிடாமல் நகலுக்கு மேல் நகல் எடுத்துப் பாதுகாப்பதற்குத்தான் இவருக்கு மாதாமாதம் சம்பளம். வீட்டில் இருந்ததற்கு ஒரு நகல் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை குழுவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒருவர் ஸ்க்ரூ டிரைவரோடு, ஒருவர் பென் டிரைவோடு, ஒருவர் வெறும் வாயோடு. எல்லோரும் நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்கள். ஒருவரும் அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. ஆனால் எனக்குத் தெரியாது என்று சொல்ல அந்த ஹாலில் ஒருவருக்கும் நா எழவில்லை. ஒருவர் செய்து பார்த்து விட்டதையே அடுத்தவர் வந்து முதலிலிருந்து செய்தார். ஒவ்வொரு முறையும் அந்த டிக் டிக் கேட்டது. நான் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். "போதும், கடைக்குக் கொண்டு போங்க" என்று நான் சொன்னதற்கு, "கடைக்காரன் என்ன பண்ணப்போறான் சிஸ்டர், நாங்க பண்ணாததை" என்று சிரித்தார் பென் டிரைவ்காரர்.

மறுநாள் காலையில் பட்டாணி எடுக்க ஃப்ரீசரைத் திறந்தேன். துருவிய தேங்காய் டப்பாவுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ஹார்ட் டிஸ்க்கை வைத்திருந்தார்கள். குளிர வைத்தால் கொஞ்ச நேரம் ஓடுமாம். குழுவில் யாரோ சொன்னாராம்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அதை வெளியே எடுத்துத் துடைத்து என் மடியில் வைத்துக்கொண்டு, குளித்துவிட்டு வந்த மனுஷனைப் பார்த்து, "மூளைன்னு ஒண்ணு இருக்குதுங்களா உங்களுக்கு?" என்று கத்தினேன். "ஒரு பழைய டிஸ்க்குக்கா இவ்வளவு?" என்றார் அவர். அவர் உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்த டிஸ்க்கில்தான் என் மூத்த மகள் இருந்தாள்.

இப்போது நாலாவது படிக்கிற பெண்ணுக்கு முன்னால் எங்களுக்கு ஒருத்தி பிறந்தாள். நாள் நிறையாமல் அறுத்து எடுத்தார்கள். அவளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டு போனார்கள். என்னை வேறு மாடியில் போட்டார்கள். எழுந்து நடக்க முடிந்த அன்றைக்கு ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்தேன். அதற்கு அடுத்த தடவைக்கு அவள் இல்லை. பேர் வைக்கும் நாள் வருவதற்குள் போய்விட்டாள். உள்ளே இருந்த நர்ஸ் இவருடைய போனை வாங்கி எடுத்துக் கொடுத்த சில படங்களும் ஒரு வீடியோவும்தான் மிச்சம். என் மகளை நேரில் பார்த்ததைவிடத் திரையில் பார்த்ததுதான் அதிகம்.

மாமியார் ஊரிலிருந்து போனில் சொன்னார். "போன புள்ளையோட படத்தை வூட்ல வெச்சிருக்கக் கூடாது கண்ணு. அடுத்தது தங்காது. அழிச்சுப்போடு." இவர், "அழிச்சுப்போட்டேம்மா" என்றார். அழிக்கவில்லை. கம்ப்யூட்டரில் ஏற்றி, போனில் இருந்ததை மட்டும் அழித்தார். நெட்டில் ஏற்றி வைத்தால், சில வருஷங்களுக்கு முன்பு இதே நாளில் என்று எப்போதாவது தானாகவே எழும்பி வந்து தன் அம்மா கண்ணில் பட்டுவிடும் என்று அதிலும் வைக்கவில்லை. மாமியார் வருஷாவருஷம் சித்திரையில் வந்து தங்குவார், பேத்தியோடு உட்கார்ந்து கம்ப்யூட்டரில் படங்களைப் பார்ப்பார். அவர் கை தவறிக்கூடத் திறக்கக் கூடாது என்று இவர் அந்த ஃபோல்டருக்குப் பிரிண்டர் டிரைவர் என்று பேர் வைத்தார். பிரிண்டர் ஓடுவதற்கான சாமான் என்று நினைத்து யாரும் சீந்த மாட்டார்கள் இல்லையா? அன்றைக்கு அது எனக்கு அன்பாகத்தான் தெரிந்தது. அம்மாவிடம் பொய் சொல்லி எனக்காகக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறாரே என்று அழுதேன். வீட்டில் யாரும் இல்லாத மத்தியானங்களில் நான் மட்டும் அதைத் திறப்பேன். அவர் திறந்து நான் பார்த்ததில்லை.

ஃப்ரீசர் சண்டைக்குப் பிறகு டிஸ்க் கடைக்குப் போனது. சிஞ்ச்வட் ஸ்டேஷன் பக்கம், கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து ஃபைல்களை மீட்டுத் தருவதையே தொழிலாக வைத்திருக்கிற கடை. சில நாள் கழித்து அங்கிருந்து இவருக்கு போன் வந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற நாள் அது. நான் அடுப்பில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் கடைக்காரர் ஹிந்தியில் சொன்னது அடுப்படிவரை கேட்டது. டிஸ்க் ஓட ஆரம்பித்திருக்கிறது, ஆனால் எந்த நிமிஷமும் நின்றுவிடும். எல்லாவற்றையும் எடுக்க முடியாது. எது முதலில் வேண்டும், எது வேண்டவே வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இவர் லாப்டாப்பில் ஏதோ தட்டிக்கொண்டே பதில் சொன்னார். கல்யாண ஆல்பம் முதலில். பிறகு குழந்தையின் பிறந்தநாள்கள். கோவா போன படங்கள். வருமான வரிப் பேப்பர்கள். "டிரைவர், சாஃப்ட்வேர் எல்லாம் தொடவே வேண்டாம், அதெல்லாம் நெட்டில் கிடைக்கும்" என்று முடித்தார்.

தோசை கருகியது. அடுப்பை அணைக்காமல் ஹாலுக்கு வந்தேன்.

"ஏனுங்க, இப்ப என்னத்தைத் தொட வேண்டாம்னு சொன்னீங்க?"

"டிரைவர் ஃபைலெல்லாம். பிரிண்டரு, ஸ்கேனரு. அதையெல்லாம் எடுத்து என்ன பண்றது?"

"பிரிண்டர் டிரைவர்ல என்ன இருக்குதுன்னு தெரியாதுங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். ஒரு மீட்டிங்கில் யாரோ கேள்வி கேட்டுவிட்ட மாதிரி பார்த்தார். அந்த முகத்தில் எதுவும் இல்லை. பிறகுதான் மெல்ல வெளிறியது.

"நீங்கதானுங்க அந்தப் பேரை வெச்சீங்க" என்றேன்.

மறந்துவிட்டார். ஒளித்தவருக்கே ஒளித்த இடம் மறந்துவிட்டது. இடம் மட்டுமா என்று நினைத்தபோதுதான் என் கோபம் எல்லை தாண்டியது. கல்யாண ஆல்பம் அச்சடித்த புத்தகமாகவே அலமாரியில் கிடக்கிறது. பிறந்தநாள் படங்கள் எல்லா மாமா, சித்தி போனிலும் கிடக்கின்றன. கோவா யாருக்கு வேண்டும்? உலகத்தில் ஒரே ஓர் இடத்தில் இருந்ததைத் தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், கீபோர்டிலிருந்து கையைக்கூட எடுக்காமல். வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். அவர் அம்மாவையும் சேர்த்துத் திட்டினேன். அதற்காக இன்றுவரை நான் வருத்தப்படவில்லை. அவர் கடைக்கு போன் போட்டார், எடுக்கவில்லை. "நாலு மணிக்கு ஒரு ஆபீஸ் கால் இருக்கு, அது முடிஞ்சதும் நேர்லயே போயிடறேன்" என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

ஷேர் ஆட்டோவில் அரை உடம்பு நனைந்தது. கடையில் கவுண்டருக்குப் பின்னால் கடைக்காரர் வடாபாவ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் ஹிந்தி காய்கறிக்கும் ஆட்டோவுக்கும் போதுமான ஹிந்தி. அதை வைத்துக்கொண்டு, பிரிண்டர் டிரைவர் ஃபோல்டர் வேண்டும், இப்போதே வேண்டும் என்றேன்.

"சார் அது வேண்டாம் என்றாரே, மேடம். பிரிண்டர் கம்பெனி சைட்டிலேயே கிடைக்கும்."

"அதில் இருப்பது பிரிண்டர் இல்லை. என் பெண்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு திரையை என் பக்கம் திருப்பினார். "உங்கள் பெண் வந்துவிட்டாள், பாருங்கள்." கேக், பலூன், காகிதத் தொப்பி. என் சின்னவள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இவள் இல்லை. மூத்தவள்."

அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். உள்ளே கேபினில் ஓடிக்கொண்டிருந்த வேலையை நிறுத்தச் சொன்னார். ஃபோல்டர்களின் பட்டியலே பாதி அழிந்திருக்கிறது, பேரை வைத்துத் தேடினால் கிடைக்கலாம் என்றார். "படங்களுக்குப் பெண்ணின் பேர் கொடுத்திருப்பீர்களா?"

"பேர் வைக்கவில்லை."

படங்களுக்குப் பேர் வைக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு அவர் தலையாட்டினார். அந்த ஊர்பேர் தெரியாத மனுஷனிடம், அந்த அரைகுறை ஹிந்தியில், இல்லை, குழந்தைக்கே வைக்கவில்லை என்று நான் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. இத்தனை வருஷத்தில் இதை நான் வாய்விட்டுச் சொன்னது அந்தக் கவுண்டரில்தான். சொந்த வீட்டில் சொல்ல முடியாததை ஒரு கடையில் நின்று சொல்ல வைத்தார்களே என்று அங்கேயும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது, அழுகை வரவில்லை.

இருட்டுவதற்குள் முடிந்துவிட்டது. வீடியோ வரவில்லை. படங்களில் பல திறக்கவே இல்லை. ஒன்று பாதிக்குமேல் வெறும் சாம்பல் நிறம். அதில் ஒரு நெற்றியும் வெள்ளை பேண்டேஜும் தெரிந்தன. ஒன்றே ஒன்று முழுசாக வந்தது. நர்ஸின் கையுறை போட்ட விரலை அவள் பிடித்துக்கொண்டிருக்கிற படம். கோவா முழுசாக வந்திருந்தது.

கடைக்காரர் அதை ஏற்றிக் கொடுத்த பென் டிரைவைக் கைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சின்னவள் ஹாலில் ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்தாள். ஆபீஸ் கால் அப்போதுதான் முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர், "வந்துச்சா?" என்று சன்னமாகக் கேட்டார். அவள் காதில் விழக் கூடாதாம். "அவ தூங்கட்டும். அப்புறம் பாக்கலாம்."

அந்தச் சன்னக் குரலைக் கேட்டதும் எனக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பொறுமையும் போனது. சோபாவில் இருந்த அவருடைய ஆபீஸ் லாப்டாப்பை எடுத்தேன். பென் டிரைவைச் சொருகினேன். "இதுல வெளி பென் டிரைவ் போடக் கூடாது, கம்பெனி ரூல்" என்று அவர் வாயைத் திறந்தார். நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். பேசாமல் பாஸ்வேர்டைப் போட்டார். திறக்க மாட்டேன் என்றது லாப்டாப், பூட்டி வைத்திருக்கிறார்களாம். நான் பென் டிரைவைப் பிடுங்கி டிவியின் பின்னால் சொருகினேன். அத்தனை பெரிய திரையில் அந்த விரல்கள் வந்தன. ஒவ்வொரு நகமும் தெரிந்தது.

சின்னவள் பென்சிலை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அவளுடைய தமிழ் வீட்டுக்குள் மட்டும் ஓடுகிற தமிழ். யோசித்து யோசித்து, ஹிந்தி கலந்துதான் பேசுவாள்.

"அம்மா, இது யாரு? நான் சோட்டா பாப்பாவா இருந்தப்பவா?"

"அப்பாகிட்டக் கேளு" என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றினார். ஜன்னலைப் பார்த்தார். "அம்மா சொல்வா, சாமி" என்றார்.

"நான் கடையில சொல்லிட்டு வந்துட்டேன். நீங்க வூட்ல சொல்லுங்க."

டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார். எனக்குத் தெரிந்து அந்தப் படத்தை அவர் நேருக்கு நேர் பார்த்தது அதுதான் முதல் தடவை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது உங்க அக்கா. எங்களுக்கு மூத்த பொண்ணு. பொறந்து கொஞ்ச நாள்லயே போயிட்டா. நீ ரெண்டாவது" என்றார்.

அவள் திரையைத் தொட்டுப் பார்த்தாள். கொஞ்ச நேரம் வார்த்தை தேடினாள்.

"அப்போ எல்லார்கிட்டயும் எங்களுக்கு ஒரே பொண்ணுன்னு ஏன்ப்பா சொல்றீங்க?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் உதவிக்குப் போகவில்லை. பதிலுக்காக அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும்தான்.