தட்டுக்குப் பேர் கூப்பிடுகிறவர்

2023 ஜூன் 3 – வல்லாரை மாத்திரை, இரண்டு போத்தல் – 76 வெள்ளி
2023 ஜூலை 11 – பாதாம் பருப்பு, ஒரு கிலோ – 42 வெள்ளி
2023 ஆகஸ்டு 20 – மீன் எண்ணெய் – 89 வெள்ளி
2023 செப்டம்பர் 5 – சுடோகு புத்தகம், பென்சில் – 14 வெள்ளி
2023 அக்டோபர் 2 – காது சோதனை – 60 வெள்ளி

ஆக 281 வெள்ளி. மலேசியாவில் பாரோய் என்ற ஊரில் குடியிருக்கும் அமிர்தலிங்கம் தன் ஞாபக சக்திக்காக நான்கே மாதத்தில் செலவழித்த தொகை இது. பலன் என்று கேட்டால் வயிற்றுப்போக்கைத்தான் சொல்ல வேண்டும். அதுவும் பாதாமின் கைங்கரியம்.

முப்பது வருடம் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் அவருக்கு ஒரு வேலை உண்டு. கடைசி நாள் பூசை முடிந்ததும் குடும்பத்துக்கு ஒரு பிரசாதத் தட்டு கொடுப்பார்கள். குடும்பத் தலைவரைப் பேர் சொல்லி அழைக்க வேண்டும். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயத்து வீடுகளின் வரிசைப்படி அழைக்க வேண்டும். தாளைப் பார்க்கக் கூடாது. தாளைப் பார்த்து வாசித்தால் சம்பள நாளில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கூப்பிடுகிற மாதிரி இருக்கும், ஆத்தாள் முன்னால் அது வேண்டாம் என்று யாரோ எப்போதோ வைத்த வழக்கம். லயங்களை இடித்துச் செம்பனை நட்டாயிற்று. சனங்கள் ரஹாங்கிலும் நீலாயிலும் வீடு வாங்கிப் போயாயிற்று. அமிர்தலிங்கம் மட்டும் வருடா வருடம் கண்ணை மூடிக்கொண்டு, தண்ணீர்க் குழாயடியில் தொடங்கி வாசல் வாசலாக மனத்துக்குள் நடந்து, அறுபத்து நான்கு பேரையும் கூப்பிட்டுவிடுவார்.

2023 மே மாதத் திருவிழாவில் பதினேழாவது வாசலில் நின்று, "சன்னாசி!" என்று கூப்பிட்டார்.

சன்னாசி செத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. தட்டு வாங்க எழுந்த மகன் வசந்தன் அப்படியே நின்றுவிட்டான். அவன் தாய் தாயம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். செத்தவரைத் தட்டுக்குக் கூப்பிட்டால் அவர் வீட்டிலிருந்து இன்னொருவரையும் அழைத்துக்கொண்டு போய்விடுவார் என்ற பயம் அந்தச் சனங்களுக்கு உண்டு.

ஒரே வாரத்தில் கோயில் செயலவைத் தலைவர் மகேந்திரனிடமிருந்து முதல் கடிதம் வந்தது. அடுத்த ஆண்டு வசந்தன் தாளைப் பார்த்து வாசிப்பார், தங்கள் சேவைக்கு நன்றி என்று இருந்தது. அமிர்தலிங்கத்துக்கு வேறு பட்டமோ பதவியோ கிடையாது. ஆட்சேபம் தெரிவித்து ஒரு பதில் எழுதிப் போட்டார். அடுத்த வருடமும் தானே கூப்பிட வேண்டும் என்ற வைராக்கியத்தோடு வல்லாரை வாங்கக் கிளம்பினார்.

மாத்திரை, பருப்பு, எண்ணெய் எதுவும் போதாதென்று மகள் ரோகினி கைப்பேசியில் ஒரு விளையாட்டை இறக்கிக் கொடுத்தாள். ஒரே மாதிரிப் படங்களை ஜோடி சேர்க்க வேண்டும்.

"அப்பா, லெவல் நாப்பது வந்துட்டீங்க! மூள ஷார்ப் ஆயிருச்சி லா."

"வாழப்பழத்துக்கு ஜோடியா இன்னொரு வாழப்பழத்தக் கண்டுபுடிச்சிட்டா செத்தவன் யாரு, இருக்கிறவன் யாருன்னு தெரிஞ்சிருமா?"

அரசாங்கக் கிளினிக்கில் இளம் டாக்டர் மூன்று சொற்களைச் சொன்னார், கடிகாரம் வரையச் சொன்னார். அமிர்தலிங்கம் மூன்றையும் திருப்பிச் சொன்னார். கடிகாரத்துக்கு நொடி முள்ளும் போட்டார்.

"ஒங்க வயசுக்கு ரொம்ப நல்லா இருக்கு அங்கிள். நடங்க, நல்லாத் தூங்குங்க, நாலு பேரு வீட்டுக்குப் போய்ப் பேசுங்க."

"மருந்து?"

"மருந்து வேணாம் அங்கிள்."

வீட்டுக்கு வந்தும் பொருமல் அடங்கவில்லை. "பேசணுமாம்! அதக் கேக்கவா ரெண்டு மணி நேரம் நம்பரப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தேன்?"

கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி பஞ்சாலை நிமிரவில்லை. "சன்னாசி அண்ணன் சாவுக்குப் போனீங்களா?"

"கண்ணு ஆப்பரேசன் பண்ணிப் படுத்திருந்தேன்ல?"

"கண்ணு நல்லான பொறவு?"

அவர் வல்லாரைப் போத்தலை எடுத்து மூடியைத் திருகினார்.

"போன்ல சேதி வந்துச்சி. அடப்பாவமேன்னீங்க, சோத்தப் போடுன்னீங்க. ஒங்களப் பொறுத்தவரைக்கும் அவரு இன்னும் அந்த லயத்து வாசல்லதாங்க ஒக்காந்து வெத்தல போடுறாரு. அந்த வீட்டுப் படிய மிதிச்சிட்டு வாங்க, அப்பறம் மறக்குதான்னு பாப்போம்."

அத்தனை வெள்ளியைக் கொட்டிய பிறகு இதை ஓசியில் கேட்க அவருக்கு ஆத்திரம்தான் வந்தது. ஆனாலும் மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

ரஹாங்கில் தாயம்மா கதவைத் திறந்தாள். "வாங்கண்ணே. எம்புருசனக் கூப்புட வந்தீங்களா?"

அந்தச் சொல் தைத்தது. திரும்பிவிடலாமா என்று நினைத்தார். அதற்குள் அவளே நாற்காலியை இழுத்துப் போட்டாள். மாலை போட்ட படத்தின் எதிரில் உட்கார்ந்து ஆறிப்போன கோப்பியைக் குடித்தார். சன்னாசி கடைசியாக என்ன சாப்பிட்டார், யார் கொள்ளி வைத்தது என்று அவள் சொல்லச் சொல்லக் கேட்டார். அன்று அவர் மனத்து லயத்தில் பதினேழாம் வாசலில் வசந்தன் வந்து உட்கார்ந்தான். அதன் பிறகு எழுந்திருக்கவேயில்லை.

அப்படியே ஒவ்வொரு வீடாகப் போனார். பல வீடுகளில் தலைவர் மாறியிருந்தார். காதால் கேட்ட பேர் ஒட்டவில்லை. வாசலையும் முகத்தையும் பார்த்த பேர் நழுவவில்லை. இதைக் கண்டுபிடிக்க எழுபத்திரண்டு வயது ஆகியிருக்க வேண்டுமா என்று தன் மேலேயே எரிச்சல்பட்டார்.

2024 பிப்ரவரியில், அவருடைய ஆட்சேபத்துக்குப் பதிலாக, கோயிலிலிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. கூட்டத்துக்கு வந்து சொல்லிக்காட்டும்படி கேட்டிருந்தார்கள். போனார். கண்ணை மூடினார். அறுபத்து நான்கையும் பிசகில்லாமல் சொன்னார். கண்ணைத் திறந்தபோது யாரும் கைதட்டவில்லை.

"எல்லாம் சரிதான் பெரியப்பா," என்றார் மகேந்திரன். "ஆனா போன வருசமும் நல்லாத்தான போயிட்டிருந்துச்சி? மைக்கு முன்னால மறுபடி ஒண்ணு வந்துட்டா யாரு பதில் சொல்றது?"

வசந்தன்தான் எழுந்தான். "பெரியப்பாவே கூப்புடட்டும்னு அம்மா சொன்னாங்க."

"கடுதாசி போடுறோம்," என்று கூட்டத்தை முடித்துவிட்டார்கள்.

கடைசிக் கடிதம் இரண்டே வரிதான். அமிர்தலிங்கமே கூப்பிடலாம். வசந்தன் தாளோடு பக்கத்தில் நின்று சரிபார்ப்பார்.

"அதான் குடுத்துட்டாங்கள்ல? இன்னும் ஏன் மூஞ்சத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்றாள் பஞ்சாலை.

"கண்ண மூடுனா எனக்கு வாசல் தெரியணும். பக்கத்துல பேப்பரு படபடத்தா என்னத்தத் தெரியும்?"

"அப்ப வேணாம்னு எழுதிப் போடுங்க."

அவர் எழுதவில்லை. முணுமுணுத்துக்கொண்டே மோட்டாரை மிதித்து நீலாய்க்குப் போனார். அங்கே ஒரு வீட்டில் முதல் நாள்தான் குடும்பத் தலைவர் இறந்திருந்தார்; அந்த வாசலில் இனி யாரைக் கூப்பிடுவது என்று பார்த்துவர வேண்டும். கோயிலின் அந்தக் கடைசிக் கடிதம் வந்தது 2024 ஏப்ரல் 17. திருவிழா அடுத்த மாதம்.