அக்காவின் தொண்டையும் சின்னவளின் விளக்கமும்

வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள்தான். உளவியல் முதுகலை கடைசி வருடம். கணக்கர் வேலை பிடிக்காமல் உதறிவிட்டு, வீட்டோடு சண்டை போட்டுச் சேர்ந்த படிப்பு. அதனால் அது வீண் இல்லை என்று காட்டியாக வேண்டிய கட்டாயம் அவளுக்கு எப்போதும் இருந்தது. அதிலும் உளப்பகுப்பாய்வு என்றால் உயிர். மூளையைப் படம் பிடிக்கிற காலத்தில், சோபாவில் படுக்கவைத்துக் கனவு கேட்கிற வைத்தியம் எதற்கு என்று வகுப்பில் கேலி செய்தார்கள். சின்னவள் விடவில்லை. மனிதன் தனக்கே தெரியாமல் தன்னோடு கண்ணாமூச்சி ஆடுகிறான் என்பதை வேறு எந்தப் பாடமும் அவளுக்கு அவ்வளவு அழகாகச் சொன்னதில்லை. ஆய்வுக் கட்டுரைக்கும் அதையே எடுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அக்காவின் குரல் போனது.

அக்கா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். ஒரு நாள் காலையில் எழுந்து அத்தானிடம் ஏதோ கேட்க வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. சளி என்று நினைத்தார்கள். கஷாயம், மாத்திரை, ஆவி எல்லாம் ஆயிற்று. பேச்சு கிசுகிசுப்புக்கு மேல் ஏறவில்லை. தொண்டை மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே ஒரு குறையும் இல்லை, ஓய்வு எடுங்கள் என்று அனுப்பிவிட்டார். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அக்கா அம்மா வீட்டுக்கு வந்தாள்.

வந்த அன்றைக்கே தொலைக்காட்சியில் எதையோ பார்த்து அக்கா சிரித்தாள். வாய்விட்டு, கணீரென்று. சின்னவள் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. சிரிப்புக்குக் குரல் இருக்கிறது, பேச்சுக்கு இல்லை. தொண்டையில் குறை இல்லாமலே மனசு குரலை அடைத்துவிடும் என்று புத்தகத்தில் படித்த நோய் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்திருந்தது. அக்காவுக்காக வருத்தப்பட வேண்டிய நேரத்தில் மனசு துள்ளியது. அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

பேராசிரியரிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "சொந்த வீட்டு ஆளைத் தொடாதேம்மா. நீயே அந்தக் கதைக்குள்ள இருக்கே."

"சரிங்க சார்" என்றாள். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டாள்.

மதியங்களில் அக்கா கட்டிலில் படுத்துக்கொள்வாள். சின்னவள் புத்தகத்தில் சொன்ன முறைப்படி தலைமாட்டில், அக்காவின் கண்ணில் படாதபடி நாற்காலி போட்டுக்கொள்வாள். முதலில் அக்காவுக்கு இது விளையாட்டாகத்தான் இருந்தது. பிறகு பேச ஆரம்பித்தாள். அதுவரை துணி, தலைமுடி தவிர வேறெதுவும் பேசிக்கொள்ளாத சகோதரிகள். இப்போது அந்தக் கிசுகிசுப்பில் என்னென்னவோ வந்தது. அப்பா அச்சகத்தில் இரவு வேலை பார்த்த காலம். பகலெல்லாம் அவர் தூங்குவார். சத்தம் கேட்கக் கூடாது என்று அம்மா பாத்திரங்களைத் துண்டு விரித்துக் கவிழ்ப்பாள். ஒருநாள் அக்கா பாட்டுப் பாடியதற்கு அம்மா முதுகில் வைத்த அறை. சின்னவள் பிறந்தபோது அப்பா பகல் வேலைக்கு மாறியிருந்தார். அவளுக்கு அந்த வீடே தெரியாது. சொல்லும்போது அக்காவின் கண்ணோரம் நனைந்து தலையணையில் இறங்கியது.

சின்னவளுக்கு எல்லாம் பொருந்தியது. சத்தமே போடக் கூடாத குழந்தை, ஊருக்கே கேட்கும்படி ஒலிபெருக்கியில் பேசுகிற வேலைக்குப் போகிறது. அந்தப் பழைய தடை ஒருநாள் எழுந்து வந்து தொண்டையை அடைக்கிறது. ஒருநாள் மதியம் இதை அக்காவிடம் விளக்கினாள். அக்கா கேட்டுவிட்டு, "இல்ல" என்றாள்.

"மனசு அப்படித்தான் எதிர்க்கும், அக்கா. அதுவே ஒரு அடையாளம்."

"ஆமான்னு சொல்லியிருந்தா?"

"ஒத்துக்கிட்டேன்னு அர்த்தம்."

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். "அப்ப என்னை எதுக்குடி கேக்கறே? நீயே கேட்டு நீயே பதில் சொல்லிக்கோ."

கதவருகில் நிழல் ஆடியது. அப்பா. எவ்வளவு நேரமாக நின்றிருந்தாரோ. "நான் ராத்திரி வேலைக்குப் போனதாலதான் இவளுக்குக் குரல் போச்சா?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"அப்படி இல்லப்பா" என்றாள் சின்னவள். ஆனால் அக்காவிடம் அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

அன்று அம்மா அடுப்படியிலிருந்தே பேசினாள். "ஊரார் மனசைப் பாக்கப் படிக்க வச்சா, இவ நம்ம வீட்டைக் கிண்டிக்கிட்டிருக்கா."

அடுத்த வாரம் அத்தான் வந்து அக்காவைப் பேச்சுப் பயிற்சி தரும் பெண்ணிடம் அழைத்துப் போனார். சின்னவளும் ஒட்டிக்கொண்டாள். குழந்தைகளின் பொம்மைகள் இறைந்து கிடந்த சின்ன அறை. அந்தப் பெண் அப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை, கனவைப் பற்றிக் கேட்கவில்லை. "இருமுங்க" என்றாள். இருமலில் குரல் இருந்தது. "அதையே கொஞ்சம் இழுங்க, ம்ம்ம்னு." ம்ம்ம் வந்தது. அது மா ஆயிற்று. மா, மாடி ஆயிற்று, மாலை ஆயிற்று. அந்த அமர்வு முடிவதற்குள் அக்கா தன் பேரைச் சொன்னாள், கரகரவென்று, ஆனால் சத்தமாக. அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

சின்னவளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் தான் மாதக்கணக்கில் படித்ததை யாரோ இருமலில் கரைத்துவிட்ட மாதிரி உள்ளே ஒரு எரிச்சல். "ஏன் போச்சுன்னு நீங்க கேக்கவே இல்லையே?" என்றாள்.

"அவங்களா சொன்னா கேட்டுப்பேன். திரும்பப் போச்சுன்னா மனநல ஆலோசகர்கிட்ட அனுப்புவேன். இப்பக் குரல் வரணும், வந்துடுச்சு."

திரும்பும்போது பேருந்தில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து தானாகவே சொன்னாள். குரல் போவதற்குச் சில நாள் முன்பு நடைமேடை எண்ணைத் தப்பாக அறிவித்துவிட்டாள். கூட்டம் படிக்கட்டில் முட்டி மோதி ஓடியது. ஒரு அம்மாள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மேலதிகாரி திட்டக்கூட இல்லை, சகஜம்தான் என்றார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"'ஸ்டேஷன்ல அன்னிக்கு...'ன்னு ரெண்டு தடவை ஆரம்பிச்சேன். நீ 'அதுக்கு முன்னாடி, அதுக்கு முன்னாடி'ன்னு கேட்டுக்கிட்டே போயிட்டே."

சின்னவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப நான் சொன்னது தப்பா?" என்றாள்.

அக்கா யோசித்தாள். "தப்புன்னு சொல்ல மாட்டேன். அந்த வீட்ல நான் மூச்சு விடவே பயந்தவதான். அதை ஒருத்தர் உக்காந்து கேட்டது நல்லாவே இருந்துச்சு. ஆனா நிஜமா இருந்தா மட்டும் அது மருந்தாயிடுமா? அப்பா முகத்தைப் பாத்தியா நீ?"

அக்கா ஒரு மாதம் பயணிகளுக்கு ரயில் விவரம் சொல்லும் விசாரணை ஜன்னலில் உட்கார்ந்துவிட்டு மைக்குக்குத் திரும்பினாள். குரல் மறுபடி போகவில்லை. விழுந்த அந்த அம்மாளை இரண்டு முறை பார்த்துவிட்டு வந்தாள்.

சின்னவளின் கட்டுரைதான் நகரவில்லை. வேறு யார் அக்காவை அப்படி அழவிட்டுக் கேட்டிருப்பார்கள் என்று ஒரு பக்கம் எழுதுவாள். மனசை எங்கே தோண்டினாலும் ஏதாவது கிடைக்கும், கிடைத்ததெல்லாம் காரணம் ஆகிவிடாது என்று அடுத்த பக்கம் எழுதுவாள். இரண்டும் சரியாகவே இருந்தன; இரண்டையும் சேர்க்கிற வரி மட்டும் வரவில்லை. பேராசிரியர் படித்துவிட்டு, "முடிவு எங்கேம்மா?" என்றார். "தெரியல சார்" என்றாள். அவர் சுமாரான மதிப்பெண் போட்டார். அவளுக்கு அவர்மேல் கோபம் வந்தது, தன்மேல் அதைவிட அதிகமாக.

இப்போதெல்லாம் அக்கா இந்த வீட்டுக்கு வந்தால் அப்பா எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறார். ஒருநாள் அக்கா கூடத்தில் இருக்கும்போது, அடுத்த அறையில் உட்கார்ந்தபடி சின்னவளிடம் மெல்லக் கேட்டார், "நான் அவகிட்ட சாதாரணமாப் பேசலாமில்ல? அவ குரலுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"போய்ப் பேசுங்கப்பா, ஒண்ணும் ஆகாது" என்றாள்.

அவர் தலையாட்டினார். ஆனால் எழுந்திருக்கவில்லை. அவரை எழுப்ப என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை.