பின் சக்கரம் இல்லாத மொபெட்

எங்கள் மூன்றாம் வகுப்பு டீச்சரிடம் ஒரே ஒரு கேள்விதான் உண்டு: எப்படித் தெரியும்? எதைச் சொன்னாலும் அதைத்தான் கேட்பார். ஒன்றுக்குப் போகணும் டீச்சர் என்று நெளிந்துகொண்டு நின்ற பையனிடம்கூட ஒருநாள் பழக்கதோஷத்தில் அதையே கேட்டுவிட்டு, பிறகு தலையில் அடித்துக்கொண்டு அவனை ஓடச் சொன்னார்.

பள்ளிக்கூடங்களில் அட்டைகளை வைத்துப் பாடம் நடத்தத் தொடங்கியிருந்த காலம் அது. பாயில் வட்டமாக உட்காருவோம். நாங்கள் எழுதியதும் வரைந்ததும் தலைக்கு மேலே கம்பியில் தொங்கும். எங்கள் டீச்சர் அதோடு விடவில்லை. மூன்று பிஸ்கட் டின்களில் ‘பார்த்தேன்’, ‘கேட்டேன்’, ‘யோசித்தேன்’ என்று எழுதி ஒட்டியிருந்தார். தினமும் கடைசி மணியில் ஆளுக்கு ஒரு சேதி எழுதி, அதற்கு உரிய டின்னில் போட வேண்டும். டீச்சர் எடுத்துப் படித்துவிட்டு அவருடைய கேள்வியைக் கேட்பார். ராகிக் கொல்லையில் யானை வந்தது என்று எழுதி ‘பார்த்தேன்’ டின்னில் போட்ட பையன், கேட்கக் கேட்க, தான் பார்த்தது சாணியையும் மிதிபட்ட பயிரையும் மட்டும்தான் என்று ஒப்புக்கொண்டான். அப்படியானால் இது ‘யோசித்தேன்’, அதுவும் நல்ல யோசனை என்று அவனுக்கு ஒரு ஜிகினா நட்சத்திரம் கிடைத்தது. எனக்கு அந்த நட்சத்திரத்தின் மேல் அப்படி ஓர் ஆசை.

அந்த வருஷம்தான் அப்பாவின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. திண்டுக்கல் பக்கமிருந்து ஓசூருக்குப் பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. அப்பா இரும்புத் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் காண்ட்ராக்ட் ஆள். இத்தனை வருஷம் அங்கே வேலை பார்த்ததற்கு அவரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. கட்டோடு வீட்டுக்கு வந்த மறுநாள், சூப்பர்வைசர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு எங்கள் லைன் வீட்டுக்கு வந்தார். அவருடைய மகளும் என் வகுப்புதான். மெஷினில் அடிபட்டது என்று யாரும் வாய் திறக்கக் கூடாது, வீட்டில் மொபெட் செயினைத் துடைக்கும்போது கை மாட்டிக்கொண்டது என்று சொல்ல வேண்டும் என்றார். சொன்னால் ஆஸ்பத்திரிச் செலவு அவர்களுடையது, கை ஆறியதும் பேக்கிங்கில் வேலை. சொல்லாவிட்டால் அப்பா யாரென்றே அவர்களுக்குத் தெரியாது. அம்மா தலையாட்டினாள். அப்பா ஆப்பிளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவர்கள் மூன்று பேர் கூடிப் பேசியும், வாசலில் நின்ற மொபெட்டை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பின் சக்கரமே கிடையாது. ரிம் கோணிப்போய் அது மெயின் ரோட்டில் ஒரு ரிப்பேர் கடையில் கிடந்தது. கொண்டுபோய்க் கொடுக்கும்போது நானும் கூடப் போயிருந்தேன். மொபெட் ஒரு வாரமாகக் கல்லில் முட்டுக்கொடுத்து நின்றது, அப்பா ஷேர் ஆட்டோவில் வேலைக்குப் போய்வந்தார்.

நான் எழுதினேன். என் புத்தி அப்படி. ‘அப்பாவின் கை செயினில் மாட்டவில்லை. மொபெட்டில் பின் சக்கரம் இல்லை. சக்கரம் இல்லாவிட்டால் செயின் ஓடாது.’ மடித்து ‘யோசித்தேன்’ டின்னில் போட்டேன். டீச்சர் படித்தார். எப்படித் தெரியும் என்று கேட்டார். கடை, ரிம், கல், ஷேர் ஆட்டோ எல்லாவற்றையும் விரல்விட்டு எண்ணிச் சொன்னேன். டீச்சருக்கு முகமெல்லாம் சிரிப்பு. வகுப்பையே கைதட்டச் சொன்னார். இரண்டு நட்சத்திரம் ஒட்டி, தாளைக் கம்பியின் நடுவில் தொங்கவிட்டார். சூப்பர்வைசர் மகளும் கைதட்டினாள்.

மறுநாள் சாயங்காலம் சூப்பர்வைசர் வெறுங்கையோடு வந்தார். உட்காரவில்லை.

"லேபர் ஆபீஸ்ல இருந்து விசாரிக்க ஆள் வந்தா, உம் புள்ள எழுதி மாட்டுனதுதான்யா சாட்சி. நாளைக்கே அது மாறணும். மாறலன்னா பேக்கிங்கும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அவர் போனதும் அம்மா விளக்குமாற்றை எடுத்தாள். "ஊருக்கே உபதேசம் பண்றாளாம். சோத்துல மண்ணு விழுந்துருச்சேடி" என்று ஓங்கினவளை அப்பா தடுத்தார். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்தபடி என் பக்கத்தில் உட்கார்ந்து, என் நோட்டைத் திறக்கச் சொன்னார்.

"நீ எழுதுனது சரிதான் பாப்பா. இப்ப அப்பா சொல்றத எழுது."

எழுதினேன். ‘அப்பா மொபெட் துடைத்தார். செயினில் கை மாட்டியது.’ எழுத்து அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக இரண்டு முறை அழித்து எழுதினேன். எந்த டின்னில் போட என்று கேட்டேன். அப்பா வாசலில் நின்ற மொபெட்டைப் பார்த்தார். பிறகு, ‘பார்த்தேன்’ல போடு என்றார்.

மறுநாள் டீச்சர் அதைப் பிரித்துப் படித்தார். கம்பியில் தொங்கிய பழைய தாளை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன். பின் சக்கரம் எங்கே என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். டீச்சர் ஒன்றுமே கேட்கவில்லை. பழைய தாளைக் கழற்றித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் புதியதை மாட்டினார். அதற்கும் ஒரு நட்சத்திரம் ஒட்டினார். அது கோணலாக ஒட்டியிருந்தது.

அப்பாவுக்குப் பேக்கிங்கில் வேலை கிடைத்தது. அடுத்த பொங்கல் வரைக்கும்தான். பிறகு காண்ட்ராக்ட் முடிந்துவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்? பள்ளிக்கூடம் விட்டதும் நான் வாசலில் இருந்தே கத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன். டீச்சர் நம்பிவிட்டார்கள், நட்சத்திரம்கூடக் கொடுத்தார்கள் என்றேன்.

"எப்படித் தெரியும்னு கேக்கலையா?" என்றார் அப்பா.

"கேக்கலப்பா."

அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "நல்ல டீச்சர்" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. சக்கரம் இல்லாத மொபெட் என்று தெரிந்தும் ஒரு கேள்வி கேட்கத் தோன்றாதவர் எப்படி நல்ல டீச்சர் ஆவார் என்று யோசித்துக்கொண்டே, வெளியே விளையாடப் போனேன்.