ஒப்பீட்டுக்கு எடுத்த வீடு

என் மகள் தவழ்ந்து திரிந்த மாதங்களில் எங்கள் வீட்டுத் தரையிலிருந்து அவள் வாய்க்குள் போனது எவ்வளவு? இதற்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. குழந்தை மருத்துவர் அவள் இமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், எடை பார்த்தார். "பிள்ள நல்லாத்தாம்மா இருக்கு. நீங்கதான் தூங்காத மாதிரி இருக்கீங்க" என்றார். எடை சரியாக இருந்தால் என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று அர்த்தமா என்று கேட்க நினைத்தேன். வெளியே வரிசை நீளமாக இருந்தது. கேட்காமல் வந்துவிட்டேன்.

நான் வேதியியல் படித்தவள். விருதுநகரில் கணவர், மாமியார், மகளோடு இருக்கிறேன். கணவருக்குப் பருப்பு மில் அலுவலகத்தில் வேலை. எங்கள் வீட்டில் யாரும் பட்டாசுத் தொழிலில் இல்லை. நான் மட்டும், சிவகாசியில் உள்ள ஒரு கல்லூரியும், சிவகாசிக்கும் சாத்தூருக்கும் இடையில் உள்ள ஒரு பட்டாசுக் கம்பெனியும் சேர்ந்து நடத்தும் ஆராய்ச்சித் திட்டத்தில் வேலை பார்க்கிறேன்.

எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் பட்டாசுக்குள் அடைக்கும் பொடிக் கலவை. அது வேலை செய்கிறவர்களின் சேலையிலும் தலைமுடியிலும் நகக்கண்ணிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறது. அதைத் தடுக்க அந்தக் கம்பெனி வாசலுக்குப் பக்கத்திலேயே உடை மாற்றும் அறை ஒன்றைக் கட்டியிருந்தது. காலையில் வருகிறவர்கள் அங்கே பருத்தி மேலங்கி மாட்டிக்கொள்வார்கள். மாலையில் அதைக் கழற்றிப் போட்டு, முகம் கை கால் கழுவிவிட்டு வேன் ஏறுவார்கள். மேலங்கியைக் கம்பெனியே துவைத்துக்கொள்ளும். இதனால் தொழிலாளர் வீடுகளில் மருந்துத் தூசி குறைந்திருக்கிறதா என்று சோதித்துச் சொல்ல வேண்டியது எங்கள் பொறுப்பு. நல்ல நோக்கம்தான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அதற்காகத் தினமும் கம்பெனிக்குப் போய், மருந்து அடைக்கும் அறைகளில் வேலை நடப்பதைக் குறித்துக்கொண்டேன். தொழிலாளர்கள் இருக்கும் சாத்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வீடு வீடாகவும் போனேன். தரையில் ஒரு சட்டத்தை வைத்து, அதற்குள் இருக்கும் இடத்தை மட்டும் ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பாட்டிலில் போட்டு மூடி, பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். நான் கல்லூரியிலிருந்து வந்ததால் பெண்கள் என்னை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள்.

"ஏ டீச்சரு, தொடைக்கதுதான் தொடைக்கீக, அந்த மூலை வரைக்கும் தொடச்சு விட்டுட்டுப் போங்க. புண்ணியமாப் போகும்" என்றாள் ஒருத்தி.

"அவுக தொடச்ச துணியக்கூடத் தரமாட்டாக. பாட்டில்ல போட்டு மூடித் தூக்கிட்டுப் போயிருவாக" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "நம்ம வீட்டு அழுக்குக்கு வந்த வாழ்வப் பாரு."

நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

இந்த வீடுகளை எதோடு ஒப்பிடுவது? பட்டாசோடு சம்பந்தமே இல்லாத சில வீடுகள் வேண்டும் என்று திட்டத்தில் எழுதியிருந்தோம். முதல் கட்டத்துக்கு ஒன்று போதும் என்று என் வழிகாட்டிப் பேராசிரியர் முடிவு செய்தார். "உங்க வீடே இருக்கேம்மா. யாரையும் கெஞ்ச வேண்டாம்" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. எங்கள் வீட்டைவிடச் சுத்தமான வீடு எது என்று யாராவது கேட்டால் என் மாமியாரால் சொல்ல முடியாது. அப்படி ஒன்று உண்டு என்பதையே அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. மாதிரி எடுக்கும் நாளில் விடிந்ததும் வாளியும் துணியுமாக நின்றார். துடைக்கக் கூடாது என்று நான் தடுக்க வேண்டியதாயிற்று.

"தொடைக்காத வீட்டக் காட்டவா? வாரவுக என்ன நெனப்பாக?"

"யாரும் வரல அத்தை. நான்தான் எடுக்கப் போறேன்."

"நீ எடுத்தாலும் ஆராய்ச்சி ஆராய்ச்சிதானத்தா."

கொஞ்ச நாளில் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. சுத்தமான வீடு எது என்று தேடி, கல்லூரிக்காரர்கள் எங்கள் வீட்டைத்தான் கண்டுபிடித்தார்களாம்.

முடிவுகள் வந்தன. உடை மாற்றும் அறை வந்த பிறகு தொழிலாளர் வீடுகளின் தூசியும் ஒப்பீட்டுக்கு எடுத்த வீட்டின் தூசியும் ஏறக்குறைய ஒரே அளவு. பேராசிரியர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை. கம்பெனியின் சின்ன முதலாளி காராச்சேவுப் பொட்டலத்தோடு கல்லூரியில் எங்கள் துறைக்கே வந்தார். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். தன்மையான மனிதர்.

"சாப்பிட்டீகளா மேடம்? இத எடுத்துக்கோங்க. எங்க ஆளுக வீடும் ஒங்க வீடும் ஒண்ணுன்னு ஆயிருச்சுல்ல. இதுக்கு மேல என்ன வேணும்?"

நானும் காராச்சேவு தின்றேன். திருத்தங்கல் தாண்டிப் பேருந்து விருதுநகரை நெருங்கும்போதுதான் அந்த வாக்கியம் என்னை உறுத்தத் தொடங்கியது. எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒன்று. அவர்கள் வீட்டில் குறைந்ததாலும் ஒன்றாகியிருக்கலாம். எங்கள் வீட்டில் கூடியதாலும் ஒன்றாகியிருக்கலாம். சிவப்பு வெளிச்சத்துக்காக மருந்தில் சேர்க்கும் ஸ்ட்ரான்சியம், யாரும் பட்டாசு வேலைக்குப் போகாத விருதுநகர் வீட்டுத் தரையில் இவ்வளவு இருக்க என்ன காரணம்? தீபாவளி முடிந்து பல மாதம் ஆகியிருந்தது. நான்தான் தேவையில்லாமல் யோசிக்கிறேனோ என்றும் நினைத்தேன். அது என் வழக்கம். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் இறங்கித் திரும்பியவள் நான்.

வீட்டுக்கு வந்து தோள்பையை வழக்கமான கொக்கியில் மாட்டிவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வரும்போது மகள் கொக்கிக்குக் கீழே உட்கார்ந்து, தொங்கிக்கொண்டிருந்த பையின் வாரைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பை தினமும் என்னோடு கம்பெனிக்கு வந்த பை. மருந்து அடைக்கும் அறைகளின் படிகளில் நான் வைத்த பை. என் துப்பட்டாவும் அதே கொக்கியில்தான் தொங்கும். அந்த அறைகளுக்குள் யார் போனாலும் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் இருக்கும் மின்சாரம் தீப்பொறியாகாமல் தரைக்குள் இறங்குவதற்காக. முதலாளி, அதிகாரி, ஆராய்ச்சிக்காரி எல்லோரும் தொட வேண்டும். நானும் ஒரு நாள்கூடத் தவறாமல் தொட்டேன். ஆனால் உடை மாற்றும் அறை தொழிலாளர்களுக்கு மட்டும் என்று வைத்திருந்தோம். தூசி அவர்கள்மேல் மட்டும் ஒட்டும் என்று கம்பெனி நினைத்தது, பேராசிரியர் நினைத்தார், நான் நினைத்தேன். அப்படி நினைத்துத்தான் மொத்த ஆராய்ச்சியையும் திட்டமிட்டிருந்தோம்.

அடுத்த முறை மாதிரிகள் அனுப்பும்போது மூன்று பாட்டில்களைக் கூடச் சேர்த்தேன். கொக்கிக்குக் கீழே ஒன்று, மாமியாரின் பின்னறையில் ஒன்று, பக்கத்து வீட்டுக் கூடத்தில் ஒன்று. பேராசிரியரிடம் கேட்காமல் செய்தேன். கேட்டிருக்க வேண்டுமோ என்று இன்றும் தோன்றுகிறது. முடிவில் கொக்கிக்குக் கீழேதான் எல்லாவற்றையும்விட அதிகம். பின்னறையில் குறைவு. பக்கத்து வீட்டில் இல்லை என்றே சொல்லலாம்.

அதாவது தொழிலாளர் வீடுகள் இன்னும் சாதாரண வீடுகள் ஆகவில்லை. எங்கள் வீடு, மருந்துத் தூசி வரும் வீடாகியிருந்தது. கொண்டுவந்தது நான்.

பேராசிரியர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது, அதுதான் கஷ்டம்.

"அறிக்கை இப்படியே போகட்டும்மா. அடுத்த கட்டத்துல நிறைய வீடு எடுத்துச் சரி பண்ணிக்கலாம். இப்ப இதச் சொன்னா கம்பெனி அடுத்த கட்டத்துக்கே வராது. நல்ல முடிவு வந்தாத்தான் மத்த கம்பெனிக்காரங்களும் அந்த மாதிரி ரூம் கட்டுவாங்க. யோசிச்சுப் பாருங்க, அது எத்தன பேருக்கு நல்லது."

யோசித்தேன். பெரியவர்கள் சொன்னதை மறுத்துப் பழக்கமில்லாதவள். தலையாட்டுவதற்குக்கூட ஆரம்பித்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். பிறகு எப்படியோ வாய் திறந்தது.

"சார், அந்த வீட்டுலதான் என் பொண்ணு தவழுறா. அத சாதாரண வீடுன்னு என் கையால எழுத மாட்டேன். அந்த வரி இருந்தா என் பேரு இருக்கக் கூடாது."

வீட்டில் சொன்னது அதைவிடச் சிரமம். மாமியார் முதலில் நம்பவில்லை. பிறகு அவமானப்பட்டார்.

"என் வீட்டுத் தரையில மருந்துத் தூசின்னு அச்சடிச்சு ஊருக்குக் குடுக்கப் போறியா?"

"யாரு வீடுன்னு வராது அத்தை. ஒப்பீட்டுக்கு எடுத்த வீடுன்னு மட்டும்தான் இருக்கும்."

"அது யாரு வீடுன்னு இந்தத் தெருவுக்கே நாந்தான சொல்லி வச்சிருக்கேன்."

கணவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "பேசாம வேலைய விட்டுரு. பிள்ளைக்குத்தான பயப்படுற? போகலைன்னா தூசியும் வராதுல்ல" என்றார்.

சுலபமான வழி. மகளைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு அதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். நான் போகாவிட்டால் எங்கள் வீடு சுத்தமாகிவிடும். அப்படியென்றால் அந்த வேனில் ஏறுகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் அதுதானே வழி? அவர்களிடம் போய், பிள்ளைமேல் அக்கறை இருந்தால் வேலையை விடுங்கள் என்று யார் சொல்வார்கள்? சொன்னால் அவர்கள் என்ன பதில் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பதிலையே கணவரிடம் நானும் சொன்னேன். "வேலையத் திருத்தச் சொல்லுங்க. என்னை நிறுத்தச் சொல்லாதீங்க."

ஆய்வுக் கூட்டத்தில் பேராசிரியர், துறைத் தலைவர், சின்ன முதலாளி எல்லோரும் இருந்தார்கள். ஒப்பீட்டுக்கு எடுத்தது என் வீடு, அதன் தூசி என்மூலம் வந்தது, ஆகவே இரண்டும் சமம் என்று நாம் எழுதியது தவறு என்று சொன்னேன்.

சின்ன முதலாளி கோபப்படவில்லை. உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. "மேடம், நீங்க வேலைக்காரவுக இல்லையே. வாரீக, பாக்கீக, போறீக. ஒங்க மேல எங்கன ஒட்டும்?"

"செம்புத் தகட்டத் தொட்டுட்டுத்தான சார் உள்ள வாரேன். நான் விருந்தாளின்னு தீப்பொறி சும்மா விட்டுருமா? தூசி மட்டும் விட்டுருமா?"

அவர் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை. கைப்பட்டியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "அப்பாகிட்டக் கேக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் பேராசிரியர் கூப்பிட்டு, "அறிக்கையில அந்தப் பத்திய நீங்களே எழுதிக் குடுங்க" என்றார். எழுதினேன். கம்பெனிக்கு உள்ளே போய் வரும் எல்லோருக்கும் உடை மாற்றும் ஏற்பாடு வேண்டும், முகம் கை கால் கழுவினால் போதாது, குளிக்கத் தண்ணீர் வேண்டும் என்றும் சேர்த்தேன். அறிக்கை அப்படியே போயிருக்கிறது, என் பெயரோடு. அடுத்த கட்டம் உண்டா என்று கம்பெனி இன்னும் சொல்லவில்லை. இல்லையென்று ஆனால் எத்தனையோ பேருக்குக் கிடைக்க வேண்டிய ஒன்றை நான் கெடுத்துவிட்டேனோ என்ற பயம் வரும். வந்தாலும் இரண்டும் சமம் என்ற அந்த வரியைத் திருப்பி எழுத மாட்டேன்.

மீதமிருக்கும் மாதிரிகளுக்காக இன்னும் கம்பெனிக்குப் போய் வருகிறேன். மாலையில் உடை மாற்றும் அறையில் நானும் நிற்கிறேன். மேற்பார்வையாளருக்குச் சங்கடம். "மேடம், நீங்க எதுக்கு இங்கன? ஆபீஸ்ல கை கழுவிக்கலாம்ல" என்றார். பெண்களுக்குச் சங்கடமே இல்லை.

"வாங்க டீச்சரு. லைன்ல நில்லுங்க. இங்கன முன்னால வந்தவுகளுக்குத்தான் குழாய்."

பையை இப்போது வீட்டுக்குள் கொண்டுபோவதில்லை. பின்வாசல் வழியாக நேரே குளியலறைக்குப் போகிறேன். அத்தை மாற்றுத் துணியை அங்கே வைத்திருப்பார். கோபம் இருக்கிறது, ஆனாலும் வைத்திருப்பார்.

ஒன்றுதான் எனக்கு வசப்படவில்லை. மகள் இப்போது ஓடுகிறாள். கேட்டின் சத்தம் கேட்டதும் எந்த வாசல் என்று கண்டுபிடித்து, கையை விரித்துக்கொண்டு வந்து முழங்காலைக் கட்டிக்கொள்கிறாள். "தொடாத" என்று கத்தினேன் ஒரு நாள். அப்படியே நின்று என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. கம்பெனிக் குழாயடியில் பெண்களிடம் கேட்டேன். "நாங்க கைய மேல தூக்கிட்டு நிப்போம் டீச்சரு. அது பாட்டுக்குக் கால்ல தொங்கும்" என்று சிரித்தார்கள். அவர்களுக்கும் வழி தெரியவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் சாயப் பட்டறைக்கோ, சிமென்ட் ஆலைக்கோ, அச்சகத்துக்கோ, மருத்துவமனைக்கோ போய்த் திரும்புகிற தாய்மார்கள் இருப்பீர்கள். வாசலில் ஓடி வரும் பிள்ளையை, நீங்கள் குளித்து வரும்வரை எப்படி நிறுத்துகிறீர்கள்? அது பயப்படாமல், அம்மா தன்னைத் தள்ளிவிட்டாள் என்று நினைக்காமல் நிறுத்த வேண்டும். தெரிந்தால் எழுதுங்கள். நான் குழாயடியிலும் போய்ச் சொல்வேன். வேலையை விட்டுவிடு என்பதை மட்டும் எழுத வேண்டாம்.