எங்கள் முதல் கேசட்டைக் கேட்டவர்கள்

தொண்ணூறுகளின் கடைசியில், நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு ஹார்ட் ராக் குழு வைத்திருந்தோம். சிரிக்க வேண்டாம். அப்போதே ஊரார் வேண்டியமட்டும் சிரித்துவிட்டார்கள். நுவரெலியா ஹோட்டலில் வாசித்த ஒருவர் கழித்துப்போட்ட எலெக்ட்ரிக் கிட்டார் என்னிடம் இருந்தது. இன்னொருவன் டிரம்ஸ் அடித்தான், தோட்டத்துத் தப்பு மேளமும் அடிப்பான். பாடியவன் என் சிநேகிதன். எங்கள் மூவரில் கடவுள் கொடுத்தனுப்பிய சரக்கு உண்மையில் அவனிடம் மட்டும்தான் இருந்தது. அவன் தொண்டையைத் திறந்தால் என் கிட்டாரின் கரகரப்புகூட மரியாதையாகக் கேட்கும்.

அவனுக்குக் கொழும்பில் ஒரு கடையில் மாமா வேலை பார்த்து வைத்திருந்தார். சித்திரை வருசப் பிறப்பு முடிந்ததும் போக வேண்டும். அதற்கு முன்னால் எப்படியாவது ஒரு கேசட் போட்டுவிட வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். தோட்டத்து வாசகசாலையில் ஜன்னல்களைக் கொழுந்துச் சாக்குகளால் அடைத்து, ஒரு டேப் ரெக்கார்டரை நடுவில் வைத்து, ஆறு பாட்டுகளைப் பதிவு செய்தோம்.

“நாலு பேரு கேக்கட்டும் மச்சான்” என்றான் அவன். “நம்ம சனத்துக்குப் புடிச்சிருந்தா நான் இங்கயே இருந்து பாடுறேன். இல்லாட்டி மாமா சொன்ன மாதிரி கெளம்பிர்றேன்.”

எங்கள் சனத்தை எனக்குத் தெரியாதா? அதனால் கேட்டவர்களின் அபிப்பிராயங்களை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வருவது என் பொறுப்பு என்று நானே முந்திக்கொண்டேன்.

ஹட்டனில் ஒரு கடையில், பழைய சினிமாப் பாட்டு கேசட்டுகளின் மேல் எங்கள் பாட்டுகளை ஏற்றிப் பத்துப் பிரதிகள் எடுத்தோம். எங்கள் ஆறாவது பாட்டு முடிந்ததும், அழியாமல் மிச்சமிருந்த சினிமாப் பாட்டு பாதியிலிருந்து தொடங்கும். கேட்டவர்களில் பலருக்கு அந்த இடம்தான் மிகவும் பிடித்திருந்தது. “கடைசிப் பாட்டு அருமைங்க தம்பி, யாரு பாடுனது?” என்று ஒரு பஸ் கண்டக்டர் கேட்டபோது அவர் விசிலைப் பிடுங்கி ஆற்றில் எறியலாம் போல இருந்தது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“தம்பி, பாட்டு எண்டால் சொல் விளங்க வேணும். அந்தப் பிள்ளைக்கு நல்ல குரல். பிறகேன் உப்பிடிக் கத்துறார்?”

தேநீர்க் கடை முதலாளி “ஹொந்தாய், ஹொந்தாய்” என்று சிங்களத்தில் பாராட்டித் தலையாட்டிவிட்டு, நான் வாசலைத் தாண்டும் முன்னே ரேடியோவைப் போட்டார். என் தங்கச்சியோ, “அண்ணே, யாரு யாரப் போட்டு அடிக்கிறாங்க?” என்று கேட்டு வீடே அதிரச் சிரித்தாள். என் சொந்தத் தங்கச்சி!

இதையெல்லாம் எழுதிக்கொண்டு போனால் அவன் மறுநாளே பெட்டியைக் கட்டிவிடுவான். ஆகவே நானே இட்டுக்கட்டி எழுதினேன். கணக்கு வாத்தியார் மெய்மறந்து கேட்டார், முதலாளி இரண்டு தரம் போடச் சொன்னார், கண்டக்டர் பஸ்ஸில் போடக் கேசட்டை வாங்கிக்கொண்டார் என்று புளுகினேன். வெவ்வேறு நாளில் எழுதியதுபோல் தெரிய, மையை மாற்றி மாற்றி எழுதும் அளவுக்குக் கள்ளன் நான். அவன் ஒவ்வொரு பக்கத்தையும் நிதானமாகப் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கொப்பியைத் திருப்பித் தருவான்.

இதற்கு நடுவில் தோட்டத்துக் கோயில் திருவிழா வந்தது. ஸ்பீக்கர் கட்ட வந்தவர், மரத்தில் குழாயைக் கட்டியதும் சோதித்துப் பார்க்க ஒரு கேசட் கேட்டார். கேட்டவரிடம் கொடுக்காமல் இருக்க நான் என்ன மடையனா? ஓடிப்போய்க் கொடுத்தேன். மடையன்தான் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்தது.

எங்கள் முதல் பாட்டு தப்பில் தொடங்கும். கொஞ்ச நேரம் தப்பு மட்டும்தான், பிறகுதான் கிட்டார். தோட்டத்தில் தப்புக்கு ஒழுங்கு உண்டு. காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்க, ஆள் கூப்பிட ஓர் அடி, திருவிழாவுக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. பெரட்டு அடி துள்ளலாக இருந்தது, ராக்குக்கு அது ஒத்துவரவில்லை. சாவு அடியில்தான் கனம் இருந்தது. “இதையே அடிடா” என்று சொன்னவன் நான். சாக்கு கட்டிய அறைக்குள் அது எங்களுக்கு வெறும் தாளமாக மட்டும் கேட்டது. மலைக்கு மலை கேட்கும்போது அது என்ன சொல்லும் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஸ்பீக்கர் கட்டிய மரம், பாடிய என் சிநேகிதனின் வீடு இருந்த லயத்து வரிசைக்கு நேர் பின்னால். அவனுடைய அப்பா நெஞ்சு நோயோடு மாதக்கணக்கில் படுக்கையில் இருந்தார். அவன் அம்மா எதிர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

கிட்டார் தொடங்கும் வரைக்கும் அவர் காத்திருக்கவில்லை. கூடையை அப்படியே போட்டுவிட்டு, இடுப்பில் கட்டிய படங்கு கிழிய, தேயிலைச் செடிகளுக்குள் விழுந்து எழும்பி ஓடி வந்தார். லயத்து வாசலை அடைந்தபோது முழங்காலில் ரத்தம் வழிந்தது. அவர் புருசன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து, மகனின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்னடி, அதுக்குள்ள கொழுந்து நிறுத்தாச்சா?” என்று கேட்டார்.

அந்த அம்மா அவரைத் தொட்டுப் பார்த்தார். முகத்தை, நெஞ்சை, கையை. பிறகு தரையில் சரிந்து உட்கார்ந்தார். நானும் அவனும் மூச்சிரைக்க அங்கே போய் நின்றோம். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“மலையிலருந்து எறங்கி வர்ற வரைக்கும் நான் தாலியறுத்தவளாத்தான்டா வந்தேன்” என்றார் மகனிடம். “இது பொய்யின்னு ஆயிப்போச்சு. நெசமா அடிக்கிற அன்னைக்கு நீ கொழும்புல இருப்ப. நான் ஒத்தையா இப்படி ஓடி வரணுமா?”

அவன் தண்ணீர் கொண்டுவந்து அம்மாவின் முழங்காலைக் கழுவினான். மறுநாள் மாமாவுக்குத் தகவல் போனது, அவன் வரவில்லையென்று.

எனக்குச் சந்தோசம். வெட்கங்கெட்ட சந்தோசம், ஒளிப்பானேன்? ஒரு கிழமைகூடப் பொறுக்கவில்லை. கிட்டாரைத் தூக்கிக்கொண்டு, அவன் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த தேயிலை ஆலை வாசலுக்கே போனேன். தப்பை எடுத்துவிடலாம், புதுக் கேசட் போடலாம் என்று மூச்சுவிடாமல் பேசினேன்.

“நான் இருக்கேன்னுதான் சொன்னேன் மச்சான். பாடுறேன்னு சொல்லல” என்றான். “எங்கம்மா ஓடிவந்தது கண்ணுக்குள்ளயே நிக்கிது. வாயத் தொறந்தா சத்தம் வரமாட்டேங்குது.”

“அம்மா ஒருத்தங்களுக்காக விட்டுர்றதா? மத்தவங்க சொன்னதெல்லாம் படிச்சதானே?”

அவனுக்குக் கோபமே இல்லை.

“அதெல்லாம் நீயா எழுதுனதுன்னு மொத நாளே தெரியும்டா. வாத்தியார் என்ன சொன்னாருன்னு அவர்கிட்டயே போய்க் கேட்டேன்.”

எனக்கு முகம் எரிந்தது. “பின்ன ஏன் ஒண்ணும் சொல்லல?”

“ஒருத்தனுக்காவது இவ்வளவு ஆசையா இருக்கேன்னு நெனச்சேன். அந்த ஒருத்தனுக்காகவே இருந்து பாடலாம்னு, திருவிழாவுக்கு முந்தின நாளே முடிவு பண்ணிட்டேன்.”