ஆறாவது வாசல்

இரண்டாம் உலக யுத்தம் கொழும்புக்கு வருவதற்கு முந்திய இரண்டு வருடங்கள், மாதக் கடைசி ஞாயிறுகளில் நான் ஆட்களைக் கொட்டாஞ்சேனைத் தெருக்களில் நடத்திக் கூட்டிப் போனேன். அப்போது துறைமுகக் கந்தோரில் கிளார்க். எங்கள் வாசகர் வட்டத்தின் செயலாளரும் நானே. வெள்ளவத்தையிலிருந்து ரயிலில் வரும் பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, தமிழில் எழுதியவர்கள் வாழ்ந்த ஆறு வீடுகளுக்குப் போவோம். ஒவ்வொரு வாசலிலும் அவரவர் எழுத்தில் ஒரு பக்கத்தை நின்றபடி உரத்து வாசிப்போம். வீட்டார் தேநீர் தருவார்கள்.

ஆறாவது வாசல், இறந்து நாலு வருடமான ஒரு கவிஞருடையது. புத்தகம் எதுவும் வெளிவராமலே போனவர். ஓர் ஒழுங்கைக்குள், கருவாட்டு மூட்டை அடுக்கும் கிட்டங்கியின் பின்னாலிருந்த ஒற்றை அறையில்தான் அவரும் மனைவியும் பதினெட்டு வருடம் இருந்தார்கள். அவருடைய கையெழுத்துக் கொப்பியை அந்த அம்மா என்னை நம்பித் தந்தார்.

"எங்கடை வாசலிலையும் நிண்டு வாசிப்பியளோ, தம்பி?"

"ஓம் மாமி, கட்டாயம்."

முதல் தடவை அந்த ஒழுங்கையின் முனைக்கு வந்ததும், எங்களோடு வந்த ஒரு புறக்டர், கோட்டில் வழக்குப் பேசுகிறவர், கைலேஞ்சியால் மூக்கைப் பொத்தினார். "உதென்ன தம்பி, கவிதைக்கு வந்தனாங்களோ, கருவாட்டுக்கு வந்தனாங்களோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவர்களை அடுத்த தெருவுக்குத் திருப்பினேன். அங்கே ஒரு வியாபாரியின் மாடிவீடு. கவிஞர் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கீழ் விறாந்தையில் கொஞ்சக்காலம் பாடம் சொல்லிக் கொடுத்தவர், அவ்வளவுதான். நான் பல்கனியைக் காட்டி, "இதிலையிருந்துதான் எழுதினவர்" என்றேன். வியாபாரிக்கு மறுக்க மனம் வரவில்லை. கேக்கும் தேநீரும் வந்தன.

தனியாக நடந்து பார்க்க விரும்பியவர்களுக்கு வழி எழுதி, ரோனியோ அடித்துக் கொடுத்தோம். அந்தத் தாளிலும் ஆறாவது இடம் மாடிவீடுதான்.

கொப்பியைப் பிரதி எடுத்து முடித்ததும் மாமியிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன். பலகை மேசையில் பதினைந்து தம்ளர்கள் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தன. அவருக்கு அத்தனை தம்ளர் ஏது? அயலில் இரவல் வாங்கியவை. ஒவ்வொரு கடைசி ஞாயிறும் அப்படித்தான் வைத்து எங்களை எதிர்பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"போன கிழமை ஒரு புருசனும் பெண்சாதியும் உங்கடை தாளோடை வந்தவை," என்றார். "கவிஞர் இருந்த வீடு எதெண்டு என்னட்டைத்தான் கேட்டவை."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"கூட்டிக்கொண்டு போய் மாடிவீட்டைக் காட்டி விட்டனான்."

எனக்குத் தலை நிமிரவில்லை.

"நீங்கள் எழுதினதை நான் பிழையெண்டு சொன்னா உங்களுக்கெல்லோ மரியாதை இல்லை. வந்த பெண்பிள்ளை பல்கனியைப் பாத்துக் கண்கலங்கினது. இவர் இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பார். அந்த வீட்டு மாடிப்படியிலை ஒருநாளும் கால் வைச்ச மனிசன் இல்லை." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

"இந்த மாசம் இங்கை கூட்டிக்கொண்டு வாறன், மாமி."

"வாங்கோ. சாம்பிராணி போட்டு வைக்கிறன். மணம் தெரியாது."

என் காரணம் அவருக்குத் தெரிந்தே இருந்தது. குறையாக ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு எங்கள் கந்தோர்ப் பெரியவர் மனைவியோடு வந்திருந்தார். என் பதவி உயர்வு அவர் கையில். ஒழுங்கை முனையில் நின்றேன். கருவாட்டு மணத்தோடு சாம்பிராணி மணமும் வந்தது. கூட்டத்தை மாடிவீட்டுக்குத் திருப்பினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

பிறகு கொழும்பில் குண்டு விழுந்தது. சனம் ரயிலேறி ஓடியது. நான் தேடிப்போனபோது அறை பூட்டிக் கிடந்தது. ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று கிட்டங்கிக்காரருக்குத் தெரியவில்லை. நானும் அதற்கு முன் ஒருநாளும் கேட்டதில்லை.

பதவி உயர்வு கிடைத்தது. பென்ஷனும் கிடைத்தது. அந்தத் தாளில் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. மாடிவீட்டை மையால் வெட்டி, பக்கத்தில் ஒழுங்கையின் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். போன வருடம் அதை எடுத்துக்கொண்டு தனியாக ஐந்து வாசலையும் நடந்து முடித்து, ஒழுங்கைக்குள் போனேன். கிட்டங்கியில் இப்போது டயர் அடுக்கியிருக்கிறார்கள். பின்னாலிருந்த கதவின் முன் நின்று, என் பிரதியிலிருந்து ஒரு பக்கத்தை உரத்து வாசித்தேன்.

அந்த வாசலில் முதல்முறை வாசித்தபோது எனக்கு வயது எழுபத்திரண்டு.