மூன்றாம் மாடியில் ஒரு கடற்கரை

கால் முறிந்து கட்டுப்போட்டிருந்த நாட்களில், முடிச்சூரில் லிஃப்ட் இல்லாத எங்கள் மூன்றாம் மாடி ஃபிளாட்டை விட்டு நான் இறங்கவே இல்லை. என் மகள் வீடியோ கேமில் சொந்தமாக ஊர் கட்டுவாள். ஒருநாள் எனக்காகக் கடற்கரை கட்டினாள். குட்டிப் பொம்மை ஒன்றை, டிவியோடு இணைத்திருந்த கேமின் தட்டில் வைத்ததும், அதே பொம்மை டிவிக்குள் வந்து நின்றது.

"இது நீதான்மா. நட."

பட்டனை அழுத்தி அதை ஆசையாக நடத்திக்கொண்டு போனேன். மணலைத் தாண்டியதும் பொம்மை கண்ணுக்குத் தெரியாத எதிலோ முட்டி நின்றது.

"அவ்ளோதான்மா. அதுக்கு மேல போக முடியாது."

திரும்பத் திரும்ப முட்டினேன். அழுகை வந்துவிட்டது. அவள் டிவியை அணைத்தாள்.

"படியில இறங்கிப் பாக்கலாமா?"

அவள் தோளைப் பிடித்து ஒரு படி இறங்கினேன். அதற்கு மேல் பயம். அங்கேயே உட்கார்ந்தேன், அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.